நானூறு வருஷத்துக்குச் சொந்தக்காரர்

"நம்முடைய பள்ளி எப்போது தொடங்கப்பட்டது என்று உங்களுக்குத் தெரியுமா, மாதாம்?"

வேலை கேட்டு நான் போய் நின்றபோது தலைமையாசிரியர் கேட்ட முதல் கேள்வி இது. நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். சிமெண்ட் கல் அடுக்கிய இரண்டு நீளக் கட்டடங்கள், மேலே தகரக் கூரை, இன்னும் பூசாத பின்சுவர், அதற்கப்பால் கரும்பு. "பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்குமா, சார்?" என்றேன்.

அவர் சிரித்தார். பாவம், அறியாதவள் என்று பாதிரியார்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"நானூறு," என்றார்.

கான் தெ மாஸ்க் போகும் சாலையில் இருந்த தனியார் உயர்நிலைப் பள்ளி அது. மொரீஷியஸில் அப்படிப்பட்ட பள்ளியின் தலைமையாசிரியரை ரெக்டர் என்பார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன். அவருடைய பெயர் வேண்டாம். அவருக்கே அது பிடிக்காது. மூன்று தலைமுறைக்கு முன் கப்பலில் வந்து இறங்கிய ஏதோ ஒரு முத்துவையோ சாமியையோ, துறைமுகத்துக் குமாஸ்தா பிரெஞ்சு எழுத்தில் கொத்திப்போட்ட பெயர். கையெழுத்திடும்போது முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்டு, மீதியைப் பச்சை மையில் ஒரு கோடாக இழுத்துவிடுவார்.

நான் திருப்பூர்க்காரி. என் வீட்டுக்காரருக்குப் பின்னலாடைத் தொழில் தெரியும். தீவில் கரும்பை வெட்டிவிட்டு ஆலை கட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஃப்ளாக் பக்கம் ஒரு ஸ்வெட்டர் ஆலையில் தரம் பார்க்கும் வேலைக்கு வந்தார். வெயில் ஊரில் உட்கார்ந்துகொண்டு குளிர் ஊர்களுக்குக் கம்பளிச் சட்டை பின்னுகிற ஆலை. நான் தமிழ் எம்.ஏ. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இந்தப் பள்ளியில் வந்து மாட்டினேன்.

நானூறு வருஷக் கதை இதுதான். இங்கிலாந்தில் ஏதோ ஒரு சிறு நகரத்தில், கம்பளி வியாபாரி ஒருவர் சாகும் தறுவாயில் ஏழைப் பையன்களுக்காக ஒரு பள்ளிக்கூடம் எழுதிவைத்தார். போகப் போக ஏழைகள் மறைந்து சீமான் வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். கல் மண்டபம், தேவாலயம், மணிக்கூண்டு, பெயர் செதுக்கிய மேசைகள் எல்லாம் வந்தன. நம் ரெக்டர் தம்முடைய தகரக் கூரைப் பள்ளியை அந்தப் பள்ளியின் மகள் என்று அறிவித்திருந்தார். தாய்க்கு இப்படி ஒரு மகள் இருப்பதே தெரியாது.

தீவின் கோடையான ஜனவரி மாதத்துப் புழுக்கத்தில் கணுக்கால் வரை கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு வருவார். அதன் ஓரத்தில் புல்முள் ஒட்டிக்கொண்டிருக்கும். கழுத்து வியர்வை அங்கியில் வெள்ளைக் கோடாகக் காய்ந்திருக்கும். மாணவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, அந்தப் பள்ளியில் எப்போதோ இருந்து செத்துப்போன நான்கு தலைமையாசிரியர்களின் பெயரை வைத்திருந்தார். கரும்பு வெட்டுகிறவர்களின் பிள்ளைகள் அந்தப் பெயர்களை வாயில் நுழையாமல் கடித்துக் கடித்துச் சொல்லும். வாசலில் லத்தீனில் ஒரு வாசகம். அர்த்தம் கேட்டால், "அது உணர வேண்டியது, மாதாம்" என்பார். அவருக்கு லத்தீன் தெரியாது என்பதை இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிட்டேன்.

ஓக் மரம் ஒன்று அங்கே இருக்கிறதாம், ராஜா ஒருவர் அதன் அடியில் நின்று ரொட்டி தின்றாராம். அதற்காக இங்கேயும் ஒரு ஓக் கன்று வரவழைத்து நட்டார். கருகிப்போயிற்று. இன்னொன்று நட்டார். அதுவும் கருகிற்று. மூன்றாவதை ஒரு ஆடு தின்றுவிட்டது. ஆட்டுக்காரனைக் கூப்பிட்டு ராஜா கதையைச் சொல்லித் திட்டினார். அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு முழுதும் கேட்டுவிட்டு, "ராஜா சாப்பிட்ட இடம்தானே, ரெக்டர், ஆடும் சாப்பிட்டது" என்று தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொல்லிவிட்டுப் போனான். ஆசிரியர் அறையில் ஒரு மாதம் அதையே சொல்லிச் சிரித்தோம்.

இவையெல்லாம் சிரிப்போடு போகிற விஷயம். சிரிக்க முடியாத ஒன்று, அவர் எழுதிய சிறு புத்தகம். 'நம் பள்ளியின் வரலாறு' என்று பதினாறு பக்கம், ஸ்டென்சில் வெட்டி மை உருட்டி அச்சடித்தது. புதிதாகச் சேருகிற எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்ய வேண்டும். "கொள்ளை நோய் பரவியபோது நாம் ஆற்றுக்கு அக்கரையில் குடியேறினோம். தீ விபத்தில் நம் மண்டபம் அழிந்தது. நம் மணியை நாமே வார்த்தோம்." எல்லா இடத்திலும் 'நாம்'. தன் பாட்டன் எந்தக் கப்பலில் வந்தான், எந்தத் தோட்டத்தில் வெட்டினான் என்று ஒரு பிள்ளைக்கும் தெரியாது. அதைக் கேட்கவும் ஆளில்லை. மணி வார்த்த கதை மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

ஒரு புயல் வந்தது. மூன்று நாள் பள்ளி மூடிக் கிடந்தது. நான்காம் நாள் திறந்தபோது பாதிப் பிள்ளைகளின் வீட்டில் கூரை இல்லை. சிலர் சீருடை இல்லாமல், அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிய சட்டையோடு வந்து நின்றார்கள். எங்கள் கட்டடத்திலும் ஆறு தகடு பறந்துபோயிருந்தது. ரெக்டர் மேடையேறினார். இன்றைக்காவது இந்த மனுஷன் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் முந்நூறு வருஷத்துக்கு முன் தீப்பிடித்த அந்த மண்டபத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். கண்ணில் நீர் நிறைந்தது. அந்த மண்டபத்துக்காக எல்லோரையும் ஒரு நிமிஷம் தலைகுனிந்து நிற்கச் சொன்னார். பிள்ளைகள் நின்றன. மேலே திறந்து கிடந்த கூரை வழியாக அவர்கள் பிடரியில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"இவர் அங்கே படித்தவரா?" என்று பிரெஞ்சு ஆசிரியை குளோதிலிடம் அன்றைக்குத்தான் கேட்டேன். குளோதில் கிரியோல் இனத்துப் பெண். அவளுக்குத் தெரியாத கதை அந்தப் பிரதேசத்தில் கிடையாது.

"படிச்சாரா? ஆசிரியர் பயிற்சிக்காக ஒரு வருஷம் இங்கிலாந்து போனார். அப்ப அந்தப் பள்ளியில கணக்கு வாத்தியார் ஒருத்தர் காலை முறிச்சுக்கிட்டார். கால் கூடற வரைக்கும் இவர் பாடம் எடுத்தார். ஒரு பருவம். அவ்வளவுதான்."

"அப்புறம் ஊரெல்லாம் அங்கே படிச்சவர்னு சொல்லுதே?"

"அவர் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை," என்றாள் குளோதில். "யாராவது சொன்னா, இல்லைன்னும் சொன்னதில்லை."

அவரைப் பற்றி யாரும் இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது. பொய்யே பேசாத மனிதர். அடுத்தவர்கள் தப்பாக நினைத்துக்கொள்வதை மட்டும் பூந்தொட்டி மாதிரி தண்ணீர் ஊற்றி வளர்த்தார்.

தமிழ் வகுப்புக்கு எனக்குக் கொடுத்த இடம், சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்திலிருந்த சாமான் அறை. பிள்ளைகளுக்குத் தமிழ் கோயிலோடு சரி. 'அரோகரா' தெரியும், 'காவடி' தெரியும், 'தாத்தா' தெரியும். 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' தெரியாது. நான் உற்சாகமூட்டுவதற்காக, உங்கள் மொழி இரண்டாயிரம் வருஷம் பழையது என்று அடிக்கடி சொல்வேன். ஒரு முறை வாசலில் நின்று ரெக்டர் அதைக் கேட்டார். "பழையதாக இருக்கலாம், மாதாம். ஆனால் அதற்கு மணிக்கூண்டு உண்டா?" என்றார். கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார்.

அந்த சாமான் அறையில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தவள் மாலினி. கடைசி வருஷம். நான் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளில் வாக்கியம் எழுதத் துணிந்தவள் அவள் ஒருத்திதான். தப்பும் தவறுமாக எழுதுவாள், ஆனால் எழுதுவாள். மற்றப் பாடங்களிலும் அப்படித்தான், விடாப்பிடி. மாணவர் தலைவிக்கான வெள்ளிப் பட்டையை ரெக்டரே அவள் சட்டையில் குத்தியிருந்தார்.

அவளுடைய அப்பா அறுவடைக் காலத்தில் கரும்பு லாரியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்தார். அம்மா ஏற்கெனவே ஆலையில்தான் இருந்தாள். மாலினியும் சனிக்கிழமைகளில் போக ஆரம்பித்தாள். ஸ்வெட்டருக்குக் கழுத்துப்பட்டி கோக்கிற வேலை. கண்ணியோடு கண்ணி பொருத்த வேண்டும், ஒன்று தவறினாலும் பிரிந்துகொண்டு வரும். என் வீட்டுக்காரர் அவளை அங்கே பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "உன்ற பள்ளிக்கூடத்துப் புள்ளையாமா. கை என்ன சுத்தம்ங்கற! எங்கூர்ல பத்து வருஷம் தைச்சவிய கையில வராது."

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ரெக்டர் ஃப்ளாக் கடைவீதியில் காரை நிறுத்தியிருந்தபோது, ஆலை வேன் வந்து நின்றது. நீலக் கோட்டும் தலையில் துணியுமாக, கோட்டு முழுக்கக் கம்பளித் தூசியுமாக மாலினி இறங்கினாள். இறங்கினவள், மரியாதைப் பெண்ணாயிற்றே, அவரைப் பார்த்து, "குட் ஈவினிங், சார்" என்று வேறு சொல்லியிருக்கிறாள்.

திங்கட்கிழமை காலை, எல்லோரும் கூடியிருக்கையில் அவளை மேடைக்குக் கூப்பிட்டார். பரிசு என்று நினைத்து அவள் தலையைச் சரிசெய்துகொண்டு போனாள். அவர் பதினாறு பக்கப் புத்தகத்தைத் திறந்து வாசித்தார்: "பதினேழாம் விதி. இப்பள்ளியின் மாணவர் எவரும் வியாபாரத்திலோ கைத்தொழிலிலோ ஈடுபடலாகாது." வெள்ளிப் பட்டையைக் கழற்றச் சொன்னார். அவளுக்கு ஊசி கழன்று வரவில்லை. அவரே கழற்றினார், மெதுவாக, சட்டை கிழியாமல்.

பட்டை போனதோடு நின்றிருந்தால் தொலைகிறது என்று விட்டிருக்கலாம். கடைசிப் பரீட்சை இங்கிலாந்திலிருந்து வருவது. அதற்கான படிவத்தில் பள்ளியின் ரெக்டர் கையெழுத்துப் போட வேண்டும். மாலினியின் படிவத்தை மட்டும் போடாமல் நிறுத்தி வைத்தார். தனியாகப் பரீட்சை எழுதுகிறவர்களுக்கான கெடு முந்தின மாதமே முடிந்துவிட்டது. பள்ளி வழியாக அனுப்புகிற கெடுவும் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும்.

அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மாலினி எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, எனக்காகத் தமிழைத் தேடித் தேடிப் பேசினாள். "மிஸ், அப்பா படுக்கை. தம்பி சின்னப் பிள்ளை. நான் சனிக்கிழமை வேலை விட முடியாது. கி பூ ஃபேர்?"

என்ன செய்வது என்று கேட்டாள். அம்மா அடுப்படியிலிருந்து கிரியோலில் கேட்டாள். "மாதாம், வேலை செய்யறது பாவமா? சர்ச்சில சொன்னாங்களா, கோயில்ல சொன்னாங்களா? எங்க எழுதியிருக்கு?"

ரெக்டரிடம் போய் நின்றேன். கண்ணாடி அலமாரியிலிருந்த தடித்த தோல் அட்டைப் புத்தகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதுதான் அந்தப் பள்ளியின் மூல வரலாறு. யாரும் தொடக் கூடாது.

"சார், அந்தப் பெண் வகுப்பில் முதல் மூன்றில் இருக்கிறவள்."

"தெரியும். வருத்தம்தான்."

"அவள் அப்பா விழுந்து கிடக்கிறார்."

"தனிமனித சோகங்களுக்காக நம் ஸ்தாபகரின் விதி வளையுமானால், மாதாம், நானூறு வருஷம் நாம் நின்றிருக்க மாட்டோம்."

"நாம் எங்கே சார் நின்றோம்? நாம் கரும்புக்கு நடுவில் நிற்கிறோம்."

அவர் துடைக்கும் துணியைக் கீழே வைத்தார். மேசையிலிருந்த ஒரு கடிதத்தை என் பக்கம் தள்ளினார். முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. அந்தப் பள்ளியில் முப்பது வருஷம் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மனைவியோடு கிழக்குக் கடற்கரையில் ஒரு ஹோட்டலுக்கு விடுமுறைக்கு வருகிறார். வருஷா வருஷம் ரெக்டர் அந்தப் பள்ளிக்கு எழுதிய, பதில் வராத கடிதங்களைப் பற்றி அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் வந்து பார்க்கலாமா என்று கேட்டிருந்தார்.

பத்து நாள் பாடம் நடக்கவில்லை. பின்சுவருக்குப் பூச்சு வந்தது. பிள்ளைகள் பள்ளிப்பாட்டை வெயிலில் நின்று பாடிப் பாடித் தொண்டை கட்டின. படிவக் கெடுவுக்கு முந்தின நாள் விருந்தாளி வந்தார்.

வந்தவர் அரைக்கால் சட்டையும் செருப்புமாக வந்தார். மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. அங்கியும் கையுறையுமாக நின்ற நம் ரெக்டரைப் பார்த்ததும், யாரோ செத்துப்போன வீட்டுக்குத் தப்பான உடையில் வந்துவிட்ட மாதிரி திகைத்தார். புதிதாகச் சேர்ந்த சின்னப் பையன் ஒருவன் கொள்ளை நோயிலிருந்து மணி வார்த்தது வரை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். விருந்தாளி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் மேகத்தைப் பார்த்தாள்.

தேநீருக்கு வெள்ளரிக்காய் வைத்த ரொட்டித் துண்டுகள். அவர் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டே, வாசலில் ஒரு கிழவி விற்றுக்கொண்டிருந்த மிளகாய் வடையைக் காட்டி, "அது கிடைக்குமா?" என்று என்னைக் கேட்டார். குளோதில் ஓடிப்போய் வாங்கி வந்தாள். நல்லவேளை, ரெக்டர் மேடை ஏற்பாட்டைப் பார்க்கப் போயிருந்தார்.

விருந்தாளியின் மனைவி, இங்கே ஸ்வெட்டர் நல்லதாகக் கிடைக்குமாமே, எந்த ஆலைக் கடைக்குப் போகலாம் என்று விசாரித்தாள். என் வீட்டுக்காரர் அந்தத் தொழிலில்தான் இருக்கிறார் என்றேன். உடனே கிழவர் வடையைக் கீழே வைத்தார்.

"கம்பளியா? பொருத்தம்தான்! எங்கள் பள்ளியே கம்பளியில் நின்றதுதானே. முதல் நூறு வருஷமும் சனிக்கிழமை வகுப்பே கிடையாது. பையன்கள் எல்லோரும் ஸ்தாபகருடைய கொட்டகையில் கம்பளி சிக்கெடுத்தார்கள். அதில்தான் அவர்கள் சாப்பாடு. அந்தச் சீப்புகளைக்கூட இன்னும் வைத்திருக்கிறோம்."

"சார், பதினேழாம் விதி என்று ஒன்று இருக்கிறதே?"

"அதுவா," என்று சிரித்தார். "பணக்காரர்கள் வந்து சேர்ந்த பிறகு எழுதியது. பழைய கதை அவர்களுக்கு வெட்கமாகிப் போயிற்று. எல்லாம் பெரிய வரலாற்றில் இருக்கிறதே. உங்கள் ரெக்டரிடம் பிரதி இருக்கிறது, பார்த்தேன்."

நான் எழுந்தேன். விருந்தாளிக்குக் காட்டுவதற்காக அன்று அலமாரி பூட்டாமல் இருந்தது. புத்தகத்தைப் புரட்டினேன். கம்பளிக் கொட்டகை என்ற தலைப்பில் இரண்டு பக்கம். இரண்டு பக்கத்தையும் சுற்றிப் பென்சில் கோடு. ஓரத்தில், ரெக்டரின் கோணல் இல்லாத கையெழுத்தில், 'மாணவர்களுக்கு வேண்டாம்.'

அதுவரை அவரை முட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். முட்டாளாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

அவர் அறையில் கண்ணாடி முன் நின்று அங்கியைச் சரிசெய்துகொண்டிருந்தார். புத்தகத்தைத் திறந்தபடியே மேசையில் வைத்தேன். அதன்மேல் மாலினியின் படிவத்தை வைத்தேன். இன்னும் பத்து நிமிஷத்தில் விருந்தாளி பிள்ளைகளிடம் பேசப் போகிறார்.

"கையெழுத்துப் போடுங்க, சார். இல்லைன்னா, இந்த ரெண்டு பக்கத்தையும் மேடையில வாசிக்கச் சொல்லி அவரையே கேட்பேன். சந்தோஷமா வாசிப்பார்."

அவர் திரும்பவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்தே என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார், எப்போதும் பேசுகிற இங்கிலீஷில்தான், ஆனால் அந்த மேடைக்குரல் இல்லாமல்:

"வாக்கியம் பேசத் தெரியாத பிள்ளைகளிடம், உங்கள் மொழி இரண்டாயிரம் வருஷம் பழையது என்று சொல்கிறீர்கள். நான் நானூறு என்கிறேன். நாம் இரண்டு பேரும் ஒரே கடைதான் வைத்திருக்கிறோம், மாதாம்."

சுருக்கென்றது. இல்லையென்று சொல்ல மாட்டேன். இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் சொன்னதில் இதுதான் ஆழமாக இறங்கியது. ஆனால் அப்போது எனக்கிருந்த கோபம் அதற்கும் மேலே இருந்தது.

"இருக்கலாம். நான் அதை வச்சு யாரையும் பரீட்சைக்கு வெளியே நிறுத்தலை."

பேனாவை எடுத்தார். முதல் எழுத்து, பிறகு பச்சைக் கோடு. மை காய்வதற்குள் படிவத்தை எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தலைநகர் போர்ட் லூயி போய்ப் பரீட்சை அலுவலகத்தில் நானே கொடுத்துவிட்டு வந்தேன். விருந்தாளி அன்றைக்கு மேடையில் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினார் என்று குளோதில் சொன்னாள்.

என்னை வேலையை விட்டு எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். எடுக்கவில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவுமில்லை. அடுத்த வாரம் அலமாரிக்குப் புதுப் பூட்டு வந்தது.

மாலினி பரீட்சை எழுதினாள். சனிக்கிழமைகளை ஆலைக்குக் கொடுத்துவிட்டுப் படித்தவளுக்குப் பிரமாதமான மார்க் வரவில்லை. ஆனால் தேறினாள். ஆலை அலுவலகத்தில் எடுத்துக்கொண்டார்கள். மாதிரிச் சட்டை வடிவமைக்கிற பிரிவுக்குப் போனாள், சில வருஷத்தில் அந்தப் பிரிவுக்கே பொறுப்பானாள். வெளிநாட்டு வியாபாரிகள் அவளிடம் வந்து உட்கார்ந்து பேசுவதை என் வீட்டுக்காரர் தன் சொந்தத் தங்கையைப் பற்றிச் சொல்கிற மாதிரி வந்து சொல்வார்.

அதற்குள் நாடே மாறியிருந்தது. மந்திரிகள் வாய் திறந்தால் துணி ஆலை. பத்திரிகையைத் திறந்தால் துணி ஆலை. எங்கள் பள்ளி மண்டபத்துக்குக்கூட அந்த ஆலைதான் நாற்காலிகள் வாங்கிக் கொடுத்தது. அந்த வருஷம் பள்ளி வரலாற்றின் புதுப் பதிப்பு வந்தது. இப்போது இருபது பக்கம். பதினேழாம் விதியைக் காணோம். அதற்குப் பதிலாக ஒரு புதுப் பத்தி: "உழைப்பை நாம் என்றும் போற்றி வந்திருக்கிறோம். நம் முதல் மாணவர்கள் கம்பளிக் கொட்டகையில் பாடுபட்டார்கள். அந்த மரபின் வழியில், நம் மாணவி ஒருத்தியும்..." என்று ஆரம்பித்து, மாலினியின் பெயர்.

நான் இரண்டு தடவை வாசித்தேன். புத்தகத்தைக் குளோதிலிடம் கொடுத்தேன். அவள் வாசித்துவிட்டு, அடுப்பு பற்றவைக்க நல்ல காகிதம் என்றாள்.

ஸ்தாபகர் தினத்துக்கு மாலினியைத் தலைமை விருந்தினராக அழைத்தார். அவள் என் வீட்டுக்கு வந்தாள்.

"மிஸ், போகவா?"

"உன் இஷ்டம்மா."

"அம்மா வரணும்னு சொல்றாங்க. அந்த மேடையைப் பார்க்கணுமாம்."

வந்தார்கள். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள், வெளிர்நீலப் புடவை, மடியில் கைப்பை. ரெக்டர் அதே அங்கியில், தலை நரைத்து, முன்னைவிட நிமிர்ந்து நின்றார். மாலினியை 'நமது கம்பளி மகள்' என்று அறிமுகப்படுத்தினார். அவள் எழுந்து வந்தாள். கையில் காகிதம் எதுவுமில்லை. இங்கிலீஷில் வணக்கம் சொல்லிவிட்டுக் கிரியோலில் பேசினாள். குரலை உயர்த்தவேயில்லை.

"நான் சனிக்கிழமை ஆலைக்குப் போனேன். எங்கப்பா படுத்திருந்தார். அதுக்காக இந்த மேடையில, இதே இடத்துல, ரெக்டர் என் சட்டையிலிருந்து பட்டையைக் கழற்றினார். என் பரீட்சைப் படிவத்துல கையெழுத்துப் போடமாட்டேன்னார். எங்க தமிழ் மிஸ் போய்ச் சண்டை போட்டுக் கையெழுத்து வாங்கிட்டு வந்தாங்க. அதனாலதான் நான் இங்க நிக்கிறேன். உங்களுக்குச் சொல்ல என்கிட்ட இருக்கிறது இவ்வளவுதான்."

பிள்ளைகள் ரெக்டரைப் பார்த்தன. ஆசிரியர்கள் தரையைப் பார்த்தார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சிவக்கும், வெளுக்கும், குறைந்தபட்சம் கண்ணாவது தாழும் என்று காத்திருந்தேன்.

அவர் எழுந்து நின்று கைதட்டினார்.

முதலில் தட்டியவரும் அவர்தான், பலமாகத் தட்டியவரும் அவர்தான். கண்ணில் நீர் நிறைந்திருந்தது. அந்தத் தீப்பிடித்த மண்டபத்தைப் பற்றிப் பேசும்போது வருமே, அதே நீர். அவரைப் பார்த்துப் பிள்ளைகள் தட்ட ஆரம்பித்தன. பிறகு ஆசிரியர்கள். மண்டபம் அதிர்ந்தது.

"கிஃபேர் லி பே பாத் லாமே?" என்று மாலினியின் அம்மா என் காதருகே கேட்டாள். இவர் ஏன் கைதட்டுகிறார்?

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் கைப்பைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, மகளை மட்டும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் கவனித்தேன், என் கைகளும் தட்டிக்கொண்டிருந்தன. நிறுத்தினேன்.